முப்பத்துமூன்று நொடி அற்புதம்

கயிரிரா துறையில் மீனுக்கு அடுத்தபடியாக அதிகம் பிடிபடுகிறவர்கள் மனிதர்கள். மீனுக்காவது வலை வேண்டும். மனிதர்களுக்கு ஒலிபெருக்கி போதும்.

அந்த ஆகஸ்டில் ஏரிக்கரையில் ஒரு நீலக் கூடாரம் முளைத்தது. முகப்பில் பெரிய துணிப் பதாகை: ‘மூளை ஓடவில்லையா? ஓட்டித் தருகிறோம். தீர்க்கதரிசி செபுலோன், மின்னல் மூளை ஊழியம்.’ பக்கத்தில் ஒரு மனிதத் தலை, அதற்குள் பாயும் சிறுத்தை. சிறுத்தைக்குக் கால் ஐந்து இருந்தது. வரைந்தவன் அவசரத்தில் இருந்திருப்பான். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்கிற பழக்கம் இருக்கிற ஊரில் கூடாரக்காரனுக்கு என்ன வேலை?

முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் தீவுகளிலிருந்து படகு படகாக வந்தார்கள். மூன்றாம் வாரம் வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் இரண்டு கட்டணம் வைத்தார்கள். ‘அபிஷேகத்துக்குப் போறீங்களா, சும்மா போறீங்களா?’ சும்மா போகிறவர்களுக்குக் குறைவு. ஆனால் சும்மா போகிறவர்கள் யாரும் இல்லை.

சாட்சிகள் தினமும் பெருகின. புருஷன் பொய்யை அவன் முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுகிறேன் என்று ஒருத்தி மேடையேறிச் சொன்னாள். அடுத்து அவள் புருஷன் ஏறி, இப்போதெல்லாம் தனக்குப் பொய் முன்னைவிட வேகமாக வருகிறது என்றான். இருவருக்கும் சேர்த்து ஒரே ஸ்தோத்திரம் சொல்லப்பட்டது.

செபுலோனின் போதனை எளிமையானது. கயிரிராவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் மாத்திரை டப்பா உண்டு. சிலிமு என்று அந்தப் பக்கத்தில் சொல்கிற எச்.ஐ.வி.க்கான மாத்திரை. உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. ரகசியம் இல்லாத இடத்தில் ஒரு ரகசியத்தைக் கொண்டுவந்து வைப்பதுதான் செபுலோனின் தொழில்.

“முந்தியெல்லாம் சிலிமு ஆவி உடம்பைத் தின்னுச்சு,” என்பார் ஒலிபெருக்கியில். “ஆள் குச்சியா ஆனான். அப்புறம் மாத்திரை வந்துச்சு. உடம்புக் கதவைச் சாத்திட்டாங்க. ஆவி எங்க போகும்? மாடிக்குப் போயிருச்சு.” இந்த இடத்தில் தன் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். “அதான் உங்களுக்குப் பேர் மறக்குது. கை தடுமாறுது. மாத்திரை போடப் போட கீழ்க் கதவு பூட்டியே கிடக்கும். ஆவி மாடியை விட்டு இறங்காது. புரியுதா?”

“புரியுது,” என்றது கூட்டம். புரியாத விஷயத்தில் மட்டும் மனிதர்களுக்கு வருகிற ஒற்றுமை அது.

ஆகவே முதலில் அபிஷேக நீர். பிறகு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை டப்பாவை ஏரியில் மூழ்கடிக்கும் ஆராதனை. டப்பா நிறைந்திருக்க வேண்டும். காலி டப்பாவைப் பார்த்து எந்த ஆவி பயப்படும்?

காசு? சே, செபுலோன் காசைத் தொடுவதில்லை. ஏரியில் நம் கொடுவா மாதிரி பெரிய மீன் ஒன்று உண்டல்லவா, எம்பூட்டா, அதன் வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பையை மட்டும் காணிக்கையாக வைத்தால் போதும். நம் கடற்கரையில் நெட்டி என்பார்களே, அது. மீன் முழுவதற்கும் கிடைக்கிற விலையைவிட நெட்டிக்கு மட்டும் அதிகம் தருவதற்கு வெளிநாட்டு வியாபாரிகள் வரிசையில் நிற்கிறார்கள். இது துறையில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். “ஆவின்னா காத்து. காத்தைக் காத்துப்பையிலதான அடைக்கணும்?” என்றார் செபுலோன். பணம் வாங்காத மகான் என்று உருகியபடியே ஊரார் அவர் பெட்டியை நெட்டியால் நிரப்பினார்கள்.

இந்தக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான் லுவன்யாகா.

லுவன்யாகா படகுப் பலகைகளின் இடுக்கில் பஞ்சடைக்கிறவன். வயது நாற்பத்தேழு. ஒன்பது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். இதெல்லாம் அவனைப் பற்றிய சில்லறைத் தகவல். முக்கியமான தகவல் இது: அவன் துறையின் ம்வேசோ சாம்பியன்.

ம்வேசோ என்பது நம் பல்லாங்குழிக்குப் பெரியப்பா. நாலு வரிசை, முப்பத்திரண்டு குழி, அறுபத்துநாலு கொட்டை. பெரியப்பாவுக்குக் கோபம் அதிகம். யோசித்து நிற்க விடமாட்டார். கொட்டையை எடுக்கக் கை தயங்கினால் நடுவர் எண்ணத் தொடங்குவார்: எமு, பிரி, சத்து. ஒன்று, இரண்டு, மூன்று. சத்து என்று விழுந்துவிட்டால் உங்கள் முறை செத்தது. எதிராளி ஆடலாம்.

இருபது வருடத்தில் லுவன்யாகா முன்னால் நடுவர் ‘எமு’வைத் தாண்டியதில்லை. அந்த ஜூலையில் மட்டும் மூன்று ஆட்டத்தில் ‘சத்து’ விழுந்தது. நடுவர் சலோங்கோ, இரட்டைப் பிள்ளை பெற்ற கிழவர், மூன்றாம் முறை அந்தச் சொல்லைச் சொல்வதற்குள் இருமினார், தாடியைத் தடவினார், ஏரியைப் பார்த்தார். ஆனாலும் சொன்னார்.

“என்ன அண்ணே, கொட்டைக்குள்ள முட்டை இருக்கான்னு பாக்கறியா?” என்றான் எதிரே ஆடியவன். எல்லாரும் சிரித்தார்கள். லுவன்யாகாவும் சிரித்தான். அவன் சிரிப்பு மற்றவர்கள் முடித்த பிறகு வந்தது. அதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் மருத்துவ நிலையத்துக்குப் போனான். சிஸ்டர் அகெல்லோ அவன் கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். கையை மடக்கு, விரி, திருப்பு என்று வரிசையாகச் செய்யச் சொன்னார். நான்கு சொல் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். துடுப்பு, உப்பு, ஆடு, மஞ்சள். லுவன்யாகா துடுப்பையும் ஆட்டையும் கொண்டுவந்தான். மற்ற இரண்டும் வழியில் விழுந்துவிட்டன. சிஸ்டர்தான் எடுத்துக் கொடுத்தார்.

“நீங்க மாத்திரை ஆரம்பிக்கவே நாலு வருஷம் இழுத்தடிச்சீங்க,” என்றார் சிஸ்டர். “அந்த நாலு வருஷத்துல வைரஸ் மூளை வரைக்கும் போய் வந்திருக்கும். சிலருக்கு யோசிக்கற வேகம், கை வேகம் கொஞ்சம் குறையும். மாத்திரையை விடாம சாப்பிட்டா பெரும்பாலும் அதோட நின்னுரும். நீங்க சரியா தூங்கறதும் இல்ல, சாராயமும் விடல. அதுவாவும் இருக்கலாம். அவசரப்பட்டு எதையும் முடிவு பண்ண வேண்டாம். அடுத்த மாசம் வாங்க, மறுபடி பாப்போம்.”

இத்தனை சொன்னதில் அவன் காதில் விழுந்தது ஒன்றுதான். மூளை வரைக்கும்.

அவனுக்கு அண்ணன் ஒருவன் இருந்தான். மாத்திரை வராத காலத்தில் சிலிமு வந்தவன். வலை முடிச்சுப் போடுவதில் ஏரியிலேயே முதல் கை. கடைசி வருடம் கையில் நூலை வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று கேட்டபடி உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மனைவியை மரியாதையாகப் பார்த்து, “யாரும்மா நீ? என் வீட்டுக்காரி எங்க போனா?” என்று கேட்டான். லுவன்யாகா அப்போது வாசலில் நின்றிருந்தான்.

ஆகவே கூடாரத்தின் மூன்றாம் வரிசையில் அவன் உட்கார்ந்ததற்குச் சிரிக்காதீர்கள். மற்றதற்கெல்லாம் சிரிக்கலாம்.

மேடையில் ‘அறிவுத் தராசு’ வைக்கப்பட்டிருந்தது. எட்டுக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஒரு குறி: மீன், நிலா, நட்சத்திரம், சாவி, இப்படி. ஒரு கூடையில் எட்டு வகைக் கொட்டை கலந்து கிடக்கும். எதிரே ஓர் அட்டை. காப்பிக்கொட்டை மீனுக்கு, அவரை நிலாவுக்கு, சோளம் சாவிக்கு என்று அதில் படம் போட்டிருக்கும். அட்டையைப் பார், கிண்ணத்தைத் தேடு, கொட்டையைப் போடு. நாற்பது கொட்டை. மேலே கால்பந்து மைதானத்தில் வைக்கிற பெரிய சிவப்பு எண் கடிகாரம்.

“எண்பது நொடிக்கு மேல போனா ஆவி மாடியில இருக்கு,” என்றார் செபுலோன். “நூறுக்கு மேலன்னா குடும்பத்தோட இருக்கு.”

லுவன்யாகா போட்டான். தொண்ணூற்றுநான்கு நொடி. கூட்டம் ‘உச்’ கொட்டியது. செபுலோன் ஒரு பிளாஸ்டிக் தெளிப்பானால் அவன் உச்சியில் மூன்று முறை நீர் அடித்தார். பாட்டுக்குழு பாடியது. “இப்ப போடு மகனே.”

அதே கூடை, அதே கிண்ணம், அதே அட்டை. அறுபத்தொன்று.

கூடாரம் அதிர்ந்தது. லுவன்யாகா கடிகாரத்தைப் பார்த்தான். முப்பத்துமூன்று நொடி. ஆவி முப்பத்துமூன்று படி இறங்கிவிட்டது. அவனுக்குக் கண் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை நிறைந்த டப்பாவோடு வருகிறேன் என்று ஒலிபெருக்கியில் சொன்னான். சொன்னதை ஏரி முழுவதும் கேட்டது.

ஏரி கேட்டதை நன்தேசாவும் கேட்டாள்.

நன்தேசா அவன் அண்ணி. கஞ்சி ஊட்டியவள். மீன் புகைபோடும் அடுப்பு மூன்று வைத்திருக்கிறாள். பதினெட்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். புகையில் சிவந்த கண்ணோடு அவள் ஒருவனைப் பார்த்தால் அவன் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்வான்.

“வாங்க கொழுந்தனாரே. மூளை வந்துருச்சாமே. எங்க வச்சிருக்கீங்க, பையிலயா?”

“சிரிக்காதீங்க அண்ணி. கடியாரமே காட்டுச்சு.”

“கடியாரம் யாருது?”

“அவருது.”

“தராசும் அவருது, எடைக்கல்லும் அவருது. மீன் மட்டும் நம்மது. நல்ல யாவாரம்.”

மறுநாள் அவள் தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள். செபுலோனின் கடிகாரம் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஓடுகிறது என்பது அவள் சந்தேகம். முன்வரிசையில் நின்று, ஒரு மீன்காரன் கொட்டை போடும்போது கைப்பேசியில் நேரம் பார்த்தாள். எண்பத்தொன்பது. மேலே சிவப்பு எண்ணும் எண்பத்தொன்பது. நீர் தெளித்த பிறகு கைப்பேசியில் ஐம்பத்தெட்டு. மேலேயும் ஐம்பத்தெட்டு.

செபுலோன் அவளைப் பார்த்துவிட்டார். “அம்மா, உங்க போன் என்ன சொல்லுது? சத்தமா சொல்லுங்க.”

நன்தேசா சொன்னாள். வேறு வழியில்லை, அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

“கடியாரம் பொய் சொல்லாது,” என்றார் செபுலோன். கூட்டம் அவளைப் பார்த்துச் சிரித்தது. வெளியே வரும்போது சப்பாத்தி போடுகிறவன்கூட, “அக்கா, அடுப்புப் புகை மாடிக்கு ஏறிருச்சா?” என்று கேட்டான். அன்று நன்தேசாவின் மீன் கொஞ்சம் கருகிவிட்டது.

ஒரு மோசடிக்காரனிடம் உண்மையான கடிகாரம் இருந்தால் அவனைப் பிடிப்பது கஷ்டம். பொய்யைத் தேடுகிறவர்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சனிக்கிழமை லுவன்யாகா மருத்துவ நிலையத்துக்குப் போனான். புது டப்பா வாங்க வேண்டும். நிறைந்த டப்பா. இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு மாதமாக அவன் அந்த நான்கு சொல்லைப் பாடம் பண்ணியிருந்தான். பஞ்சடைக்கும்போது துடுப்பு, உப்பு. சோறு தின்னும்போது ஆடு, மஞ்சள். தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

சிஸ்டர் நாற்காலியில் உட்காருவதற்குள் சொன்னான்: “துடுப்பு உப்பு ஆடு மஞ்சள்.”

சிஸ்டர் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். “அது போன மாசச் சொல்லு. இன்னிக்கு வேற. கூடை, தேனீ, கத்தி, பச்சை.”

“சொல்லை மாத்தினா எப்படி சிஸ்டர்? நான் படிச்சுட்டு வந்தது வீணாப் போச்சே.”

“மாத்தலைன்னா நான் உங்க தலையைப் பாக்கல, உங்க மனப்பாடத்தைப் பாக்கறேன். ரெண்டாவது தடவை அதே கேள்வியைக் கேட்டா எருமைகூட முதல் தடவையைவிட நல்லா சொல்லும்.”

கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். கூடையும் கத்தியும் பச்சையும் வந்தன. தேனீ வரவில்லை. “மூணு. போன தடவையைவிட ஒண்ணு கூட. தூக்கம் எப்படி?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். டப்பாவைக் கொடுத்தார். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

வழியில் பாதி தூரத்தில் நின்றான்.

அந்த எண்ணம் மெதுவாகத்தான் வந்தது. எருமை மாதிரி அசைந்து அசைந்து வந்தது. வழியில் ஒரு முறை படுத்துக்கொண்டது. ஆனால் வந்து சேர்ந்தது.

அண்ணி வீட்டுக்குப் போனான். “அண்ணி, எட்டுக் கிண்ணம் இருக்கா?”

“எதுக்கு, நீயும் ஊழியம் ஆரம்பிக்கிறியா?”

கிண்ணம் நாலுதான் இருந்தது. மீதிக்குச் சிரட்டையும் சோடா பாட்டில் மூடியும் வைத்தார்கள். கரியால் குறி போட்டார்கள். அட்டையை லுவன்யாகா நினைவிலிருந்தே வரைந்தான். வரையும்போதுதான் கவனித்தான்: ஒரு குறிகூட மறக்கவில்லை. ஒரு மாதம் படித்த நாலு சொல்லைப் போல அதுவும் தானாக மண்டையில் உட்கார்ந்திருந்தது.

நன்தேசா கொட்டை போட்டாள். தொண்ணூறு நொடி. தண்ணீர் இல்லை, பாட்டு இல்லை, தெளிப்பான் இல்லை. மறுபடி போட்டாள். அறுபத்தாறு. மூன்றாம் தடவை, அடுப்பைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டுக்கொண்டே, ஐம்பத்திரண்டு.

“அட நாசமாப் போறவனே,” என்றாள். இது செபுலோனுக்கு. “கை பழகிருச்சு. அவ்வளவுதானா? தினம் நான் மீன் அடுக்கறேனே, முதல் தட்டு மெதுவா, பத்தாம் தட்டு சடசடன்னு. எனக்கே இது தோணலையே. கடியாரத்தையே முறைச்சுக்கிட்டு இருந்துட்டேன்.”

லுவன்யாகா ஒரு சிரட்டையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

“என்னப்பா?”

“அது நிஜமா இருந்திருக்கலாம் அண்ணி,” என்றான். “நீர் பட்டதும் தலை லேசான மாதிரி இருந்துச்சு. அண்ணன் மாதிரி ஆயிருவேனோன்னு தினம் நெனைப்பேன். மூணு நாளா அந்த நெனைப்பு இல்ல.”

நன்தேசா அடுப்பிலிருந்து ஒரு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். “உங்க அண்ணனுக்கு மாத்திரை இல்ல. இருந்திருந்தா அந்த மனுஷன் இன்னிக்கு எங்கூடச் சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருப்பார். உன் பையில இருக்கு. அதை அந்தப் படுபாவி தண்ணியில போடச் சொல்றான். சாப்பிடு.”

“நாளைக்கு யார் போய்ச் சொல்றது? உங்களைப் பாத்தா சிரிப்பாங்க.”

“சொன்னா சிரிப்பாங்க. செஞ்சு காட்டணும். ஏற்கெனவே அபிஷேகம் வாங்கின ஆள் ஒருத்தர் புது அட்டையில உக்காரணும்.”

அந்த ஆள் யாரென்று அவள் சொல்லவில்லை. புது அட்டையில் உட்கார்ந்தால் எத்தனை நொடி வரும் என்று லுவன்யாகாவுக்குத் தெரியும். ஊர் முழுக்கப் பார்க்கும். சாம்பியன் மந்தமாகிவிட்டான் என்பது அதற்குப் பிறகு வதந்தியாக இருக்காது.

மீனைத் தின்றுவிட்டு, டப்பாவைத் திறந்து, அன்றைய மாத்திரையை விழுங்கினான்.

ஞாயிறு. கூடாரம் கொள்ளவில்லை. ஆளுக்கு ஆள் கையில் டப்பா, ஆட்ட ஆட்டக் கிலுகிலுப்பைச் சத்தம். கரையில் ஒரு படகு, படகில் ஒரு நீல டிரம். டப்பாக்கள் டிரம்முக்குள் போகும், டிரம் ஏரிக்குள் போகும்.

“முதல் டப்பா யாருது?” என்றார் செபுலோன். “லுவன்யாகா, வா மகனே.”

லுவன்யாகா மேடை ஏறினான். “தீர்க்கதரிசி ஐயா, டப்பா தரதுக்கு முன்னாடி ஒரு தடவை தராசுல போட்டுக் காட்டட்டுமா? எல்லாரும் பாக்கட்டும்.”

செபுலோனுக்குக் கசக்குமா? “போடு, போடு.”

“அட்டை மட்டும் வேற.”

நடுவர் சலோங்கோ எழுந்து வந்தார். கையில் ஒரு பழைய அட்டைப்பெட்டியின் பக்கம். அதில் கரியால் வரைந்த படம். காப்பிக்கொட்டை இப்போது சாவிக்கு, அவரை நட்சத்திரத்துக்கு. எல்லாம் இடம் மாறியிருந்தது. அன்று காலையில் அவரே வரைந்தது. லுவன்யாகாவுக்குக் காட்டவில்லை.

“அது அபிஷேகம் பண்ணாத அட்டை,” என்றார் செபுலோன்.

“அபிஷேகம் தலைக்கா, அட்டைக்கா?” என்று கேட்டாள் கீழேயிருந்து நன்தேசா.

கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். கேள்வி நியாயமாக இருந்தது. அது அவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது.

“எமு,” என்றார் சலோங்கோ, செபுலோனைப் பார்த்து. பழக்கதோஷம். “பிரி.”

ம்வேசோ ஊரில் வளர்ந்தவன் எவனாலும் மூன்றாவது எண்ணைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா நிற்க முடியாது. “சரி, போடட்டும்,” என்று செபுலோன் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

லுவன்யாகா உட்கார்ந்தான். அட்டையைப் பார்த்தான், கிண்ணத்தைத் தேடினான், போட்டான். அவரையை இரண்டு முறை நிலாவுக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தான். கடைசிக் கொட்டை விழுந்தபோது சிவப்பு எண் தொண்ணூற்றேழு காட்டியது.

இந்த முறை ‘உச்’ கொட்டவும் யாரும் இல்லை.

“சந்தேகப்பட்டான், ஆவி திரும்பிருச்சு,” என்றார் செபுலோன் உடனே. வேகமான பதில். வேகம் அவருடைய சரக்கு.

“அப்ப பழைய அட்டையில போடறேன்,” என்றான் லுவன்யாகா. போட்டான். ஐம்பத்தைந்து. “இப்ப எங்க ஐயா போச்சு ஆவி? டீ குடிக்கவா?”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நகர்ந்தது.

“எனக்குச் சிலிமு இருக்கு,” என்றாள் நன்தேசா, மேடைக்கு வந்து. “உங்க தண்ணி ஒரு சொட்டுப் படல. வீட்டுல சிரட்டையை வச்சுப் பழகினேன். ஐம்பத்திரண்டுல முடிச்சேன். எங்க வீட்டு அடுப்பு என்ன அபிஷேக அடுப்பா? முதல் தடவை யாருக்கும் மெதுவாத்தான் வரும். மாத்திரை சாப்பிடறவனுக்கும் வரும், சாப்பிடாதவனுக்கும் வரும். தீர்க்கதரிசிக்கும் வரும்.”

“ஆமா, அவர் போட்டதே இல்லையே,” என்றான் சப்பாத்திக்காரன். நேற்றுவரை அவளைக் கேலி செய்தவன். காற்று திரும்பினால் முதலில் திரும்புகிறது சப்பாத்திக் கடைதான்.

“ஐயா போடட்டும்,” என்றது கூட்டம். “உங்க அட்டையிலயே போடுங்க ஐயா.”

“நான் சோதிக்கப்படத் தக்கவன் அல்ல.”

“எமு,” என்றார் சலோங்கோ.

“ஆண்டவரைச் சோதிக்காதீங்க.”

“பிரி.” இந்த முறை கூடாரமே சேர்ந்து சொன்னது.

செபுலோன் உட்கார்ந்தார். மூன்று வாரமாக அந்தத் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றவர். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கிண்ணத்தை அல்ல, நெட்டிப் பெட்டியை. காப்பிக்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையைத் தேடினார். அட்டையைக் கண்டுபிடித்ததும் கொட்டையை மறந்தார். சோளத்தை நிலாவில் போட்டார். “தப்பு,” என்றது முன்வரிசை. எடுத்து மீனில் போட்டார். “அதுவும் தப்பு.” ஒரு நிலக்கடலையைப் பதற்றத்தில் வாயில் போட்டுக்கொண்டார். அதையும் எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்று சலோங்கோ கொஞ்சம் யோசித்தார்.

நூற்றுமுப்பத்தொன்று.

“நூறுக்கு மேலன்னா குடும்பத்தோட இருக்குன்னு சொன்னீங்க,” என்றாள் நன்தேசா. “உங்க மாடியில வாடகைக்கும் விட்டிருக்கு போலிருக்கே.”

அதற்குப் பிறகு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. தீர்க்கதரிசியின் மாடியைக் காலி செய்ய நாலைந்து பேர் ஜெரிகேனில் ஏரித்தண்ணீர் மொண்டு வந்து உச்சியில் ஊற்றினார்கள். பாட்டுக்குழு, முன்கூட்டியே கூலி வாங்கியிருந்ததால், பாடியது. கூட்டம் மறுபடி போடச் சொன்னபோது நனைந்த செபுலோன் மறுத்துவிட்டார். இரண்டாம் தடவை வேகமாக வந்துவிடுமோ என்ற பயமாக இருக்கலாம்.

இதற்கிடையில் டிரம் படகின் துடுப்புக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான். “போன ஞாயிறு மூழ்கடிச்ச டிரம்மைத் தூக்கும்போதே கனமா இருந்துச்சு. எட்டிப் பாத்தா உள்ள கல்லுதான். கேட்டதுக்கு, ஆவி கல்லாயிருச்சுன்னார். நானும் சரின்னுட்டேன்.”

“டப்பா?”

“அது தெரியல.”

தெரிந்துகொள்ள நேரமாகவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் நின்ற ஊழிய வேனின் பின்சீட்டுக்கு அடியில் மூன்று சாக்கு இருந்தது. சாக்கு நிறைய டப்பா, டப்பா நிறைய மாத்திரை. பெயர்ச்சீட்டுகள் ஒழுங்காகச் சுரண்டப்பட்டிருந்தன. அடுத்த துறையில் விற்பதற்கு. அங்கே அதற்கு என்ன பெயர் வைத்திருப்பாரோ. அபிஷேக மாத்திரை என்றிருக்கலாம்.

சிஸ்டர் அகெல்லோவுக்கு ஆள் போனது. டப்பாவைத் தொலைத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிடாமல் இருந்த ஒருவரை சிஸ்டர் திட்டிய திட்டு ஒலிபெருக்கி இல்லாமலே தீவுவரை கேட்டது. செபுலோனை இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் நடுவில் உட்காரவைத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அபிஷேகத்துக்குப் போகிற கட்டணம்தான் வாங்கினார்கள்.

கூட்டம் கலைய மனமில்லாமல் நின்றது. ஏமாந்தவர்களுக்கு உடனே வீட்டுக்குப் போகப் பிடிக்காது. வீட்டில் கேள்வி கேட்க ஆள் இருக்கும். சப்பாத்திக்காரன் லுவன்யாகாவிடம் வந்தான்.

“அண்ணே, தப்பா நெனைக்காத. அப்ப உன் தலை நிஜமாவே மெதுவாத்தான் ஓடுதா?”

லுவன்யாகா உடனே பதில் சொல்லவில்லை. சலோங்கோ அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணவில்லை.

“ஆமா,” என்றான் லுவன்யாகா. “முன்னைவிட மெதுவு. நான் மெதுவா யோசிச்சேன், அவன் போனான். நீங்க எல்லாரும் வேகமா நம்பினீங்க, அவன் வந்தான்.”

துறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கத்தான் ஆசை.